மூணுன்னே போடுங்க

"விளம்பரத்துல நாலு பெட்ரூம்னு போட்டா நாளைக்கே ஆள் வரும் மேடம்" என்றார் புரோக்கர்.

"மூணுன்னே போடுங்க" என்றாள் அக்கா.

புரோக்கர் ஹாலின் நடுவில் நின்று ஒவ்வொரு கதவாக விரல் நீட்டினார். வாசலை ஒட்டி ஒன்று, சமையலறைக்கு எதிரே ஒன்று, பின்பக்கம் ஒன்று. நடைவழியின் கோடியில் சாத்தியிருந்த கதவுக்கு வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்ப அது?"

"ஸ்டோர் ரூம். கணக்குல வராது."

"இந்தத் தொழில்ல நான் பார்க்காத ஆள் இல்லை. பால்கனியில தகரம் அடிச்சு அதையும் பெட்ரூம்னு சொன்னவங்க உண்டு. ஒருத்தர் சுவர் அலமாரியைக் காட்டி, குழந்தைங்க தாராளமாப் படுக்கலாம்னார். இருக்கிற ரூமை இல்லைன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான். சரி, திறந்தாவது காட்டுங்க."

"சாவி இல்லை."

புரோக்கர் அந்தக் கதவை ஒருமுறை பார்த்தார். அதில் சாவித்துவாரமே இல்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற கதவு அது. அவர் வாயைத் திறந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். வீடு நல்ல வீடு. கைக்கு வந்த கமிஷனை எதற்கு வாயால் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயரே 'பிரேக் அக்கா'. பக்கத்து சீட்டில் அவள் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை, கற்றுக்கொள்பவன் பயப்படுவதற்கு முன்பே மிதித்துவிடுவாள் என்று கிண்டல் செய்வார்கள். யார் எந்த நேரத்தில் தடுமாறுவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவள். அப்படிப்பட்டவளுக்கு, கூடப் பிறந்த தம்பி எந்த இடத்தில் தடுமாறினான் என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

அந்த நான்காவது அறையில்தான் தம்பி இருந்தான்.

வீட்டிலேயே பெரிய அறை அதுதான். பாத்ரூம் ஒட்டியே இருந்தது. அப்பாவும் அம்மாவும் இருந்தவரை அவர்கள் படுத்த அறை. தம்பி ஒரு ஒலிப்பதிவு நிலையத்தில் வேலை பார்த்தான். நிலையத்தை மூடினார்கள், வீட்டோடு வந்துவிட்டான். முதலில் தெருவுக்குப் போவது நின்றது. அப்புறம் வாசல் வரை வருவது நின்றது. அம்மா இறந்த பிறகு அந்த அறைக்குள் போனவன் ஹாலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். காதல் விவகாரமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. டாக்டர் ஒருவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிப் பார்த்துவிட்டு, "அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் சும்மாவும் இருக்கவில்லை. யார் யாரோ அனுப்பும் பேட்டிகளிலும் சொற்பொழிவுகளிலும் உள்ள இரைச்சலை நீக்கிக் கொடுக்கும் வேலையைக் கணினியில் செய்தான். வெளிச்சத்தம் வராதபடி ஜன்னலை ஸ்பாஞ்சு வைத்து அடைத்திருந்தான். அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே ஸ்டூலில் வைத்துவிட்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். கதவு ஒரு சாண் திறக்கும். ஒரு கை வரும். கையை மட்டும் பார்த்துப் பார்த்து, தம்பி முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துதான் நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அவளுடைய கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, மகளையும் அழைத்துக்கொண்டு அவர் போய் வெகுகாலமாயிற்று. "நீயும் சீக்கிரம் வந்துடு" என்பதில் இருந்த 'சீக்கிரம்' முதலில் தேய்ந்தது. பிறகு அந்த வாக்கியமே தேய்ந்தது. ஒருநாள் அவர் போனில் சொன்னார்: "உன்னைக் குறை சொல்லலை. உன் தம்பியையும் குறை சொல்லலை. ஆனா பாப்பா நேத்து ஸ்கூல்ல 'அம்மா ஊர்ல இல்லை'ன்னு எழுதிக் கொடுத்திருக்கா. ஊர்ல இல்லைன்னா எங்கேன்னு டீச்சர் கேட்டாங்களாம். இவளுக்குச் சொல்லத் தெரியலை."

அன்றைக்குத்தான் வீட்டை விற்றுவிடுவது என்று அக்கா முடிவெடுத்தாள். வீடு இருவர் பேரிலும் இருந்தது. விற்பதற்கான சம்மதப் பத்திரத்தைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அது கையெழுத்தோடு திரும்பி வந்தது.

"வித்துட்டா நீ எங்கேடா போவே?" என்று கதவைப் பார்த்துக் கேட்டாள்.

பதில் இல்லை. அடுத்த நாளும் கேட்டாள். அன்றைக்கும் இல்லை.

அவள் மனதில் ஒரு அரைகுறைத் திட்டம் இருந்தது. வீட்டை மூன்று அறை வீடு என்று விற்றுவிடுவது, நான்காவது அறையைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுவைக்கச் சொல்லி வாங்குபவர் காலில் விழுந்தாவது கேட்பது. இது நடக்கிற காரியமா என்று யாராவது கேட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள். யாரும் கேட்கவில்லை. அதனால் அந்தத் திட்டம் அவளுக்குள் ஒரு திட்டம் போலவே இருந்துகொண்டிருந்தது.

வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அக்கா உள்ளே ஓடுவாள். வாஷிங் மெஷினைப் போட்டுவிடுவாள், உள்ளே நாற்காலி நகர்ந்தாலும் கேட்காமல் இருக்க. நடைவழிக்கு வந்ததும் வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "மொத்தம் மூணு பெட்ரூம். மூணும் பார்த்துட்டீங்க. இந்தப் பக்கம் வேற ஒண்ணும் இல்லை" என்பாள். ஆள் வந்திருக்கிறது, சத்தம் போடாதே என்று தம்பிக்குச் சொல்லும் சங்கேதம் அது. உள்ளே கப்சிப்பென்று ஆகிவிடும். அப்பாடா என்று அவர்களை மொட்டைமாடிக்கு ஓட்டிக்கொண்டு போவாள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் வண்டி ரிப்பேர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். தோள்பட்டை ஒரு கதவு அகலம். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவர் மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் கண் ஓரிடத்தில் பட்டால் அங்கேயே நிற்கும். வீடு இருவருக்கும் பிடித்துவிட்டது.

"ஒரு ரூம் கூட இருந்தா அம்மாவுக்கு ஆகும். பரவாயில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார் ஒர்க்‌ஷாப்காரர்.

அவர்கள் கேட்டைத் தாண்டிப் போன பிறகு, மனைவி மட்டும் திரும்பி வந்தாள்.

"வெளியில இருந்து பார்த்தா நாலு ரூமுக்கு ஜன்னல் இருக்கே?"

புரோக்கரிடம் சொன்ன பொய் அந்த நேரத்துக்கு அக்காவின் வாயில் வரவில்லை. "அந்த ரூம்ல சுவரெல்லாம் ஈரம். பாதுகாப்பு இல்லைன்னு மூடி வெச்சுட்டோம். அதான் கணக்குல சேர்க்கலை."

"ஓ" என்றாள் அந்தப் பெண். நம்பினாளா இல்லையா என்று முகம் சொல்லவில்லை.

பேங்க்கில் கடனுக்கு எழுதிப்போட்டார்கள். வீட்டை அளந்து மதிப்புப் போட பேங்க் ஒரு ஆளை அனுப்பியது. அன்று காலை ஒர்க்‌ஷாப்காரரும் மனைவியும் புரோக்கரும் கூடவே வந்துவிட்டார்கள். அக்கா முந்தின நாளே தம்பிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்: 'நாளைக்குக் கொஞ்ச நேரம் மட்டும். மூச்சு விடாம இரு.' வழக்கமாக 'சரி' என்று வரும். அன்று ஒன்றும் வரவில்லை.

மதிப்பீட்டாளர் சிரிப்பைச் சிக்கனமாகச் செலவு செய்யும் ஆள். டேப்பை இழுத்து, முதல் அறை, இரண்டாவது, மூன்றாவது என்று அளந்துகொண்டே வந்தார். ஹாலுக்குத் திரும்பி, நகராட்சி அங்கீகரித்த பிளானை மேஜைமேல் விரித்தார். பேனாவால் நாலு இடங்களைத் தொட்டார்.

"பிளான்ல நாலு. நான் அளந்தது மூணு. இன்னொண்ணு எங்கே?"

"அது ஸ்டோர் ரூம் சார்" என்றார் புரோக்கர்.

"அது ஈரம் பிடிச்ச ரூம்" என்றாள் அக்கா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதிக்கொண்டன. புரோக்கர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். லேப்காரி மட்டும் மெதுவாக, "என்கிட்ட ஸ்டோர் ரூம்னு சொல்லலையே" என்றாள்.

"எதுவா இருந்தா என்ன, திறங்க, அளந்துட்டுப் போறேன்" என்றார் மதிப்பீட்டாளர்.

"சாவி தொலைஞ்சு போச்சு சார்."

ஒர்க்‌ஷாப்காரர் அதற்குள் நடைவழியில் போய் நின்றுவிட்டார். கதவின் மேலும் கீழும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இரும்போடு பழகிய கை அது, ஏமாற்ற முடியாது.

"இதுக்குப் பூட்டே கிடையாது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கு." அவர் திரும்பினார். "உள்ளே தாழ்ப்பாள் போடணும்னா உள்ளே ஒரு ஆள் வேணுமே?"

வாஷிங் மெஷின் சொல்லிவைத்தாற்போல அந்த நேரத்தில் நின்றது. வீடு முழுக்க அமைதி. அந்த அமைதியில், கதவுக்கு அந்தப்புறம் நாற்காலிச் சக்கரம் ஒன்று தரையில் உருண்டு நின்றது எல்லோருக்கும் கேட்டது.

"அப்படிப் போடு" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். முகம் சிவந்துவிட்டது. "யாரைக் குடிவெச்சிருக்கீங்க? பணத்தைக் கட்டி முடிச்சப்புறம் ஒருத்தன் வெளியே வருவான். நான் வாடகைக்காரன், காலி பண்ண மாட்டேன்பான். நான் கோர்ட்டுக்கு நடக்கணும். என் மச்சினனுக்கு இதே மாதிரி ஆச்சு. யார் காதுல பூ சுத்தறீங்க?"

"அப்படியெல்லாம் இல்லைங்க..."

அவர் கதவை அறைந்தார். ஒன்று, இன்னொன்று. "யாருய்யா உள்ளே? வெளியே வா!"

"தட்டாதீங்க!" அக்கா கத்திய கத்தலில் அவளுக்கே தொண்டை எரிந்தது. "தயவுசெய்து தட்டாதீங்க. நான் சொல்றேன்."

"நீங்க சொன்னதெல்லாம் போதும். ஆளுக்கு ஒரு கதை சொல்றீங்க. என் வண்டியில கடப்பாரை இருக்கு. கீலைக் கழட்ட எனக்கு ஒரு நிமிஷம்."

அவர் விடுவிடுவென்று வாசலுக்குப் போனார். அவர் மனைவி பின்னாலேயே, "ஏங்க, நில்லுங்க, அது அவங்க வீடு இன்னும்" என்று சொல்லிக்கொண்டு ஓடினாள். புரோக்கர் அக்காவின் பக்கத்தில் வந்து, "மேடம், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று முனகினார்.

அக்கா போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். கதவின் பலகை வழியாக, உள்ளே அவன் மிக அருகில் நிற்பது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரிந்தது.

ஒர்க்‌ஷாப்காரர் கடப்பாரையோடு வந்தார்.

"நகருங்க."

"உள்ளே என் தம்பி இருக்கான்."

"என்னது?"

"என் தம்பி. கூடப் பிறந்தவன். இந்த வீட்டுல பாதி அவன் பேர்ல இருக்கு. அவன் வெளியே வரமாட்டான். வருஷக்கணக்கா வரலை. வாடகைக்காரனும் இல்லை, ஒண்ணும் இல்லை."

இத்தனை காலத்தில் வெளியாட்களிடம் அவள் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒர்க்‌ஷாப்காரர் கையில் கடப்பாரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சங்கடம் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வந்தது. "பைத்தியத்தை உள்ளே வெச்சுக்கிட்டு வீட்டை விக்கிறீங்களா?"

"இன்னொரு தடவை அந்த வார்த்தை வந்துச்சுன்னா உங்களுக்கு வீடும் இல்லை ஒண்ணும் இல்லை" என்றாள் அக்கா. "வெளியே போங்க."

"ஏங்க, அந்த இரும்பைக் கீழே வைங்க முதல்ல" என்றாள் லேப்காரி. அவர் வைத்தார்.

இவ்வளவுக்கும் மதிப்பீட்டாளர் மேஜையை விட்டு நகரவில்லை. பிளானை மடித்துக்கொண்டே சொன்னார்: "குடும்ப விஷயம் எனக்குத் தேவையில்லை. மூணுன்னு எழுதினா பிளானோட ஒத்துப் போகாது. நாலுன்னு எழுதணும்னா நாலாவதை நான் பார்த்திருக்கணும். பார்க்க விடலைன்னு எழுதினா, கடன் வராது. இதுல எதை எழுதட்டும்?"

அவர் பையைத் தோளில் மாட்டினார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பேசிப் பழக்கமில்லாத, கரகரத்த குரல்.

"அளக்கிறவர் மட்டும் வரட்டும். வேற யாரும் வேண்டாம்."

அக்கா சட்டென்று திரும்பினாள். தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாணுக்கு மேல் திறந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தது. மதிப்பீட்டாளர், பக்கத்து வீட்டு அறைக்குள் போவது போல, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"அந்த முனையைப் பிடிங்க" என்று அவர் சொல்வது கேட்டது. "இன்னும் சுவரோட ஒட்டி. ம். அப்படியே."

திறந்த இடைவெளியில் அக்கா பார்த்தாள். காலுறை போட்ட இரண்டு பாதங்கள். சுவரோரம் குனிந்து டேப்பின் முனையை அழுத்திப் பிடித்திருந்த உருவம். தாடியில் பாதி நரைத்திருந்தது. அவளுக்கு அவன் தம்பி, அவன் தாடி நரைக்கும் என்பது அவள் யோசனையிலேயே வராத விஷயம். அறை அவள் நினைத்துப் பயந்தது போல் இல்லை. படுக்கை மடித்திருந்தது. ஒயர்கள்கூடச் சுருட்டிக் கட்டியிருந்தன.

"ஜன்னல் எங்கே?"

"இதுக்குப் பின்னாடி."

"பார்க்கணுமே."

அக்கா சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு, ஒட்டியதைப் பிய்க்கும் சத்தம், சர்ரென்று. ஒரு துண்டு, அடுத்த துண்டு. பகல் வெளிச்சம் அறையைத் தாண்டி நடைவழித் தரையில் வந்து விழுந்தது. தூசி அதில் சுழன்றது. உள்ளே தம்பி இருமினான். விடாமல் இருமினான். அக்கா ஓடப்போனாள். லேப்காரி அவள் முழங்கையைப் பிடித்து, "இருங்க. தூசிதான்" என்றாள்.

"அந்த மூலையில மழை பெஞ்சா ஒழுகும்" என்றான் தம்பி, இருமல் நின்றதும். "வாங்கறவங்ககிட்ட சொல்லிடுங்க."

புரோக்கர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் வெளியே வந்து செருப்பை மாட்டினார். "நாலு" என்று சொல்லி, எழுதினார். அவ்வளவுதான். அவர் போய்விட்டார்.

"ஒழுகுதாமே? அப்ப விலையில கொஞ்சம்..." என்று ஒர்க்‌ஷாப்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருக்கமாட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி. பாதி திறந்திருந்த கதவுக்கு இரண்டடி தள்ளி நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல் கேட்டாள்: "தம்பி, நாங்க எப்ப வரலாம்னு நீங்க சொல்லுங்க."

"கொஞ்ச நாள் கொடுங்க" என்றான் தம்பி. "போயிடுவேன்."

அவர்கள் எல்லோரும் போன பிறகு அக்கா நடைவழிக்கு வந்தாள். கதவு இன்னும் ஒரு சாண் திறந்தே இருந்தது. அவளுக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. "காபி போடட்டுமாடா?" என்றாள்.

"ஏன்க்கா மூணுன்னு சொன்னே?"

"என்ன?"

"வர்றவங்க எல்லார்கிட்டயும். கதவுகிட்ட வந்து சத்தமா. மூணுதான், இங்கே ஒண்ணும் இல்லைன்னு."

"உனக்குக் கேக்கட்டும்னுதான்டா. ஆள் வந்திருக்குன்னு தெரிஞ்சா நீ சத்தம் போடாம இருப்பே."

"கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் நான் உள்ளேதான் இருந்தேன்" என்றான். "நீயே ஒண்ணும் இல்லைன்னு சொல்றப்ப, ஓ, அப்படித்தான் போலன்னு தோணும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அடுத்த கணம் அந்தச் சுருக்கு அப்படியே தீயாகப் பற்றிக்கொண்டது.

"நான் யாருக்காகடா இங்கே கிடக்கிறேன்? சொல்லு. என் பொண்ணு என் உயரத்துக்கு வந்துட்டாளாம். போன்லதான் பார்த்தேன். அவர் துவைச்சு, சமைச்சு, அவளுக்குப் பின்னல் போடக் கத்துக்கிட்டாரு. உன்னை யாரும் எதுவும் சொல்லிடக் கூடாதுன்னு வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். நீ என்னடான்னா என்னையே கேக்கறே!"

"நான் இருக்கச் சொல்லலையே."

"சொல்லலை. போன்னும் சொல்லலை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை, போக்கான்னு சொல்லியிருந்தா?"

கதவு மெல்ல மூடப்போகிறது என்று அக்கா நினைத்தாள். மூடவில்லை.

"சொன்னா நீ போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு" என்றான்.

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே அவனும் உட்காருவது கேட்டது. காபி போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அவர் இருக்கிற ஊர்ல நம்ம வீட்டுல ரெண்டு ரூம்தான் இருக்கு" என்றாள் பிறகு. "உனக்குத் தனியா ஒண்ணு இருக்காது. இப்பவே சொல்லிடறேன்."

"சரி" என்றான் தம்பி.

சரி என்று சொல்வது சுலபம். முதல் முயற்சி படுதோல்வி. சாமான்களை ஏற்றி, டிரைவிங் ஸ்கூல் காரை இரவல் வாங்கி வாசலில் நிறுத்தினாள் அக்கா. அவன் காதுகளை அடைத்துக்கொண்டு கேட் வரை வந்தான். எதிரே வந்த லாரி ஹாரன் அடித்தது. திரும்பி ஓடியவன் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று முழுக்கத் தட்டுக்குக்கூடக் கை வரவில்லை. ஒர்க்‌ஷாப்காரர் போனில் குதியாய்க் குதித்தார். அவர் கையிலிருந்து போனை வாங்கி அவர் மனைவி, "பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் வர்றோம்" என்று வைத்துவிட்டாள். அவர்கள் வீட்டில் பரீட்சை எழுதுகிற வயதில் பிள்ளையே கிடையாது என்று புரோக்கர் பிற்பாடு சொன்னார்.

இரண்டாவது முறை யாரும் திட்டம் போடவில்லை. ஒரு மத்தியானம் அக்கா அடுப்பில் வாணலியை வைத்து வதக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து, "இப்பவே போகலாமா?" என்று கேட்டது. தம்பி சமையலறை வாசலில் நின்றிருந்தான். முகம் வெளிறி, கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

நிஜமாகவா, என்ன திடீரென்று, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே... கேட்பதற்கு நூறு இருந்தது. எதையும் கேட்கக் கூடாது என்று அக்காவுக்குப் புரிந்தது. அடுப்பை அணைத்தாள். வீட்டில் உடுத்தியிருந்த நைந்த சேலையோடு, ஒரு கால் செருப்பு ஒரு ஜோடி, மறுகால் செருப்பு இன்னொரு ஜோடி என்று மாட்டிக்கொண்டு வந்ததை இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகுதான் கவனித்தாள். கார் அன்று கைவசம் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். தம்பி பின் சீட்டில் படுத்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். முதல் நாற்சந்தியைத் தாண்டும்போது வாந்தி எடுத்தான். அக்கா ஓரம் கட்டி நிறுத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். திரும்பிவிடலாமா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஓட்டு" என்றான் அவன்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற இருவரையும் பார்த்து அக்காவின் கணவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு, நேற்று பார்த்தவர் போல, "வா மச்சான். முதல்ல முகம் கழுவு" என்று சொல்லித் துண்டை எடுத்துக் கொடுத்தார். மகள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மாவின் உயரம்தான், போனில் பார்த்ததைவிட வளர்ந்தே இருந்தாள். "மாமா என் ரூமை எடுத்துக்கட்டும், நான் உன்கூடப் படுத்துக்கிறேன்மா" என்றாள். கேட்டுவிட்டு அக்கா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

தம்பி அந்த அறையை எடுத்துக்கொள்ளவில்லை. ஹாலின் ஒரு மூலையில் பீரோவைக் குறுக்கே நகர்த்தி, அதற்குப் பின்னால் மேஜையும் படுக்கையும் போட்டுக்கொண்டான். அங்கே கதவு இல்லை. டீவிச் சத்தம், குக்கர் சத்தம், மகள் போனில் சிநேகிதியோடு வாயாடுவது எல்லாம் அவன் மேல்தான் வந்து விழும். முதல் வாரம் அவன் தூங்கினானா என்பதே சந்தேகம். தெருவுக்கு இன்னும் போவதில்லை. மாடிப்படியின் முதல் வளைவு வரை ஒருநாள் இறங்கினான், அடுத்த நாள் இறங்கவில்லை. அக்கா அந்த ஊரிலேயே ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். வேலை முடிந்து வரும்போது சில நாள் அவனும் மகளும் எதையோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சில நாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து பேச்சு மூச்சு இருக்காது. அந்த நாட்களில் அவனை யாரும் நச்சரிப்பதில்லை. ராத்திரி சாப்பிட உட்காரும்போது நாலு தட்டும் வைப்பார்கள். வருகிற அன்று வருவான்.